தொழில்முறை கோல்ஃப் போட்டிக்குத் திடலைத் தயார்செய்வது எப்படி: செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை

திடல் பராமரிப்பில் புதிதாகச் சேர்ந்து, முதல்முறையாக ஒரு தொழில்முறைப் போட்டியைச் சந்திக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். களம் சென்னையில் 18 குழி கொண்ட ஒரு திடல். புல், அறுகம்புல்லின் கலப்பின வகை. திடல்களில் பெர்முடா என்று சொல்வது இதைத்தான். போட்டி பிப்ரவரி நடுவில் நான்கு நாட்கள், நாளுக்கு ஒரு சுற்றாக 72 குழி. உங்கள் ஊர் வேறென்றால் மாதங்கள் மாறும், வேலைகளின் வரிசை மாறாது.

அந்த வரிசைதான் முக்கியம். கிரீனுக்கு, அதாவது குழியும் கொடியும் இருக்கும் ஒட்ட வெட்டிய புல்பரப்புக்கு, முதலில் உறுதி வர வேண்டும், அடுத்து சமதளம், கடைசியில் பந்து உருளும் வேகம். புதியவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். பத்து நாள் இருக்கும்போது பிளேடை இறக்கி வேகத்தைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். மெத்தென்று இருக்கும் பரப்பில் பிளேடை இறக்கினால் இயந்திரம் அமிழ்ந்து மேடுகளை மொட்டையடிக்கும். அந்த மொட்டை போட்டிக்குள் ஆறாது.

1. தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

போட்டித் தேதி உறுதியான அன்றே ஒரு பெரிய தாளை எடுத்து, போட்டி வாரத்தை அடியில் எழுதி, அங்கிருந்து வாரம் வாரமாக மேலே ஏறுங்கள். என் தாள் இப்படி இருக்கும்: செப்டம்பர் கடைசியில் கிரீன்களில் துளையிடுதல், அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை பருவமழை, டிசம்பர் கடைசி வாரத்துக்குள் பங்கர் எனும் மணல்பள்ளங்களுக்கு மணல், ஜனவரி தொடக்கத்தில் டீக்களையும் (முதல் அடி அடிக்கும் இடங்கள்) கொடியிடங்களையும் (குழி வெட்டும் இடங்கள்) பூட்டுதல், ஜனவரி நடுவில் வெட்டு உயரம் இறங்கத் தொடங்கும், போட்டிக்குப் பத்து நாள் முன்னால் புதிய வேலை எல்லாம் நிறுத்தம்.

காரணம் எளிது. செய்யும் ஒவ்வொரு வேலையும் புல்லுக்கு ஒரு காயம், காயம் ஆற வெயிலும் வெப்பமும் வேண்டும். டெல்லியில் ஜனவரி வந்தால் அறுகு பழுத்து உறங்கிவிடும். சென்னையில் உறங்காது, ஆனால் சோம்பும். செப்டம்பரில் இரண்டு வாரத்தில் மூடும் துளை ஜனவரியில் நான்கு வாரமானாலும் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்.

மழைக்காலத்தில் வடிகாலைத் தவிர எதையும் திட்டமிடாதீர்கள். நவம்பரில் எந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்று படம் பிடித்து வையுங்கள். பிப்ரவரியில் எதிர்பாராமல் ஒரு மழை வந்தால் அதே இடங்களில்தான் நிற்கும்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஆட்கள். கிரீனை வெட்ட, நடந்து தள்ளும் ரீல் (சுழலும் கத்தி உருளை) இயந்திரம் போதும். உட்கார்ந்து ஓட்டுவது வேண்டாம். நடந்து தள்ளுவதன் வெட்டும் அகலம் சுமார் 53 சென்டிமீட்டர். ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதியைக் கழித்தால் 48 தேறும். 500 சதுர மீட்டர் கிரீன் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடை, திருப்பங்களோடு 25 நிமிடம். ஒருவருக்கு மூன்று கிரீன் என்று கொடுத்தால் ஒரு முறை வெட்ட ஆறு பேர், இரு முறை வெட்டப் பன்னிரண்டு பேர். இந்தக் கணக்கைப் போடாமல் "சமாளித்துவிடலாம்" என்று இறங்குகிறவர்களை முதல் நாள் காலை மூன்றாவது கிரீனில் ஆட்டக்காரர்கள் வந்து பிடித்துவிடுவார்கள்.

இயந்திரங்கள். ரீல்களையும் அடிக்கத்தியையும் சாணை பிடித்து முடிக்க ஜனவரி முதல் வாரம் கெடு. கூர்மையைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். செய்தித்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, ரீலைக் கையால் மெல்லச் சுழற்றி, அகலம் முழுவதும் ஒவ்வொரு இடமாகக் கொடுங்கள். கத்தரித்தாற்போல் துண்டாக வேண்டும். ஓரிடத்தில் மடங்கினாலும் கிரீனில் அந்த இடத்தில் புல் கிழிபடும். நுனி மறுநாள் வெளுத்துப்போகும்.

எண்ணெய்க் கசிவுக்கு ஒரு பாடம் சொல்கிறேன். நான் உதவியாளராக இருந்த நாட்களில், போட்டிக்கு ஒன்பது நாள் முன்பு, ஏழாவது கிரீனை ஒட்டிய பகுதியை வெட்டிய ஹைட்ராலிக் இயந்திரத்தில் ஒரு குழாய் விரிந்திருந்தது. ஓட்டியவர் கிரீனின் ஓரத்தில் ஏறித் திரும்பினார். அப்போது எதுவும் தெரியவில்லை, பனியில் சின்ன மினுமினுப்பு மட்டும். மூன்றாம் நாள் கட்டைவிரல் அகலத்தில் பழுப்புக்கோடு, அளவுகோல் வைத்து இழுத்ததுபோல். சூடான எண்ணெய் புல்லை வேகவைத்துவிடும். சோப்பு நீர் ஊற்றினோம், பயனில்லை. நாற்றங்கால் கிரீனிலிருந்து புல் துண்டுகளை வெட்டிவந்து கோட்டின் நீளத்துக்குப் பதித்தோம். இன்றுவரை ஒவ்வொரு இயந்திரமும் காலையில் கொட்டகைக்கு வெளியே சிமெண்ட் தரையில் பத்து நிமிடம் ஓடி நின்ற பிறகே திடலுக்குள் போகும். தரையில் ஒரு சொட்டு விழுந்தாலும் அன்று அதற்கு விடுமுறை.

நாற்றங்கால். மேலே சொன்னதிலிருந்தே அதன் அவசியம் புரிந்திருக்கும். கிரீனில் இருக்கும் அதே புல், அதே மணல், அதே வெட்டு உயரம். வேறு உயரத்தில் வளர்த்த துண்டைப் பதித்தால் ஒட்டுப்போட்ட சட்டைபோல் தெரியும்.

3. துளையும் மணலும்: உறுதிக்கான வேலை

செப்டம்பர் கடைசியில் உள்ளீடற்ற குழல் முனைகளால் துளையிட்டு, வெளியே வரும் மண் உருளைகளை அள்ளிவிட்டு, துளைகளை மணலால் நிரப்புங்கள். புல்லுக்கு அடியில் பழைய தண்டும் வேரும் சேர்ந்து பஞ்சு மெத்தைபோல் ஓர் அடுக்கு உருவாகியிருக்கும். அது தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதை வெளியே எடுத்து அந்த இடத்தில் மணலை வைப்பதால்தான் கிரீன் இறுகுகிறது. மழைக்கு முன்பே செய்வதற்கு இன்னொரு ஆதாயமும் உண்டு: பருவமழை நீர் அந்தத் துளைகள் வழியே இறங்கிவிடும்.

மணல், கிரீனின் அடியில் இருக்கும் மணலோடு ஒத்துப்போக வேண்டும். பெரும்பகுதித் துகள்கள் கால் மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் இடையில் இருக்கட்டும். லாரிக்காரர் சொல்வதை நம்பாமல் சல்லடையில் போட்டுப் பாருங்கள். நுண்ணிய மணலைப் பரப்பினால் இரண்டு மணலும் சேரும் எல்லையில் தண்ணீர் தேங்கும். வேர் அதற்குக் கீழே போகாது.

ஜனவரியில் துளை வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மெல்லிய மணல்தூவல் போதும். புல் மறையாத அளவு, உப்பு தூவுவதுபோல். தென்னந்துடைப்பத்தால் குறுக்கும் நெடுக்குமாகத் தள்ளி அடியில் இறக்குங்கள். கடைசித் தூவல் போட்டிக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னால் முடிந்திருக்க வேண்டும். மேலே தங்கும் மணல் ரீலின் கூரை ஒரே காலையில் தின்றுவிடும்.

4. பூட்டவேண்டிய இடங்களைப் பூட்டுங்கள்

அதிகம் மறக்கப்படும் வேலை இது. ஒரு ரூபாய் செலவில்லாததால்தான் மறக்கிறார்களோ என்னவோ.

குறும்தூரக் குழிகளில், அதாவது பார்-3 டீக்களில், எல்லோரும் இரும்பு மட்டையால் அடிப்பதால் புல் பெயர்ந்துகொண்டே இருக்கும். போட்டிக்கான டீயை ஆறு வாரம் முன்பே கயிறு கட்டி அடையுங்கள். உறுப்பினர்கள் முணுமுணுப்பார்கள். அறிவிப்புப் பலகையில் தேதியோடு எழுதிவைத்தால் முணுமுணுப்பு பாதியாகும்.

கொடியிடங்களும் அப்படியே. நான்கு சுற்றுக்கும் பயிற்சி நாளுக்கும் சேர்த்து ஒரு கிரீனுக்கு ஐந்து இடங்களை டிசம்பரிலேயே உத்தேசமாகக் குறித்துவிடுங்கள். ஜனவரி தொடக்கத்திலிருந்து அந்த வட்டங்களுக்குள் குழி வெட்டக் கூடாது. பழைய குழியை அடைத்த தழும்பு ஒன்று புதிய குழிக்கு ஒரு முழத்தில் இருந்தால், கடைசி இரண்டடியில் பந்து துள்ளும். பணத்துக்கு ஆடுகிறவர் அதை மறக்க மாட்டார்.

5. பங்கர்

புது மணல் போடுவதென்றால் டிசம்பரோடு முடியுங்கள். புது மணல் படிய ஏறக்குறைய இரண்டு மாதம் வேண்டும். மழையும் தண்ணீரும் அதை இறுக்க வேண்டும். படியாத மணலில் உயரத்திலிருந்து விழும் பந்து பாதி புதைந்துபோய், பொரித்த முட்டை மஞ்சள்கருபோல் எட்டிப்பார்க்கும்.

அடித்தளத்தில் நான்கு முதல் ஆறு அங்குலம், சரிவான முகத்தில் இரண்டு அங்குலம். அளவுகோலைக் குத்தி அளங்கள். முகத்தில் ஆழமாகப் போட்டால் மழையில் வழிந்துவிடும், பந்தும் அங்கேயே செருகி நிற்கும்.

ஆற்றுமணல் கிடைப்பது அரிதாகிவிட்டதால் எம்-சாண்டுக்குப் போகிறவர்கள் அதைக் கழுவாமல் போடாதீர்கள். அதில் இருக்கும் பாறைத்தூள் முதல் மழைக்குப் பிறகு அப்பளம்போல் ஏடு கட்டும். கழுவிச் சலித்த எம்-சாண்ட் கோணம் கொண்டது, ஒன்றையொன்று பிடித்து நிற்கும். சரிவுகளுக்கு நல்லதென்றே நான் நினைக்கிறேன். கடல் மணலை மட்டும் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உப்பு, ஓரத்துப் புல்லைக் கருக்கும்.

6. உரத்தைக் குறைத்து, வளர்ச்சியைப் பிடியுங்கள்

யூரியா போட்டால் கிரீன் பச்சென்று அழகாக இருக்கும், பந்து சேற்றில் ஓடுவதுபோல் ஓடும். தழைச்சத்து ஏறினால் இலை கொழுத்துத் தடிக்கிறது. காலையில் வெட்டியது மாலைக்குள் வளர்ந்துவிடுகிறது. எனவே ஜனவரி முதல் தழைச்சத்தைச் சிறு சிறு அளவாகத் தெளிப்பு முறையில் மட்டும் கொடுங்கள். நிறம் வேண்டுமா, இரும்பு சல்பேட் தெளியுங்கள். வளர்ச்சியைத் தூண்டாமல் கருமை கொடுக்கும். அளவு மிஞ்சினால் புல் கறுத்துவிடும், நடைபாதையில் பட்டால் துருக்கறை போகாது.

டிரைனெக்ஸபாக்-எத்தில் போன்ற வளர்ச்சிக் கட்டுப்படுத்தி பயன்படுத்துவதென்றால், போட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் முன்பே தொடங்கி இடைவெளி விடாமல் தொடருங்கள். மருந்தின் பிடி தளரும்போது புல் அடக்கிவைத்த வளர்ச்சியை எல்லாம் சேர்த்துக் காட்டும். அந்தத் துள்ளல் போட்டி வாரத்தில் வந்துவிடாதபடி தெளிப்புத் தேதிகளை அமையுங்கள். வெயில் ஏறினால் மருந்து சீக்கிரம் கரையும் என்பதால் நாட்காட்டியைவிட வெப்பநிலையைப் பார்த்து நாள் குறிப்பது சரி. அளவு, டப்பாவில் எழுதியிருப்பதுதான். "கொஞ்சம் கூட" என்ற பேச்சே கூடாது.

இங்கே மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 டிசம்பர் வர்தா புயலில் பல கிரீன்களின் கிழக்குப் பக்க மரங்கள் சாய்ந்தன. வருத்தமான காட்சிதான். ஆனால் காலை வெயிலைக் காணாமல் எப்போதும் நோயோடு நின்ற கிரீன்கள் அடுத்த பிப்ரவரியில் மற்றவற்றைவிட நன்றாக இருந்தன. ஒரு கிரீனுக்கு என்ன உரம் போட்டும் தேறவில்லையென்றால், காலை எட்டு மணிக்குப் போய் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். கிழக்குக் கிளைகளைக் கழிக்கப் புயல் வர வேண்டியதில்லை.

7. வெட்டு உயரத்தைப் படிப்படியாக இறக்குங்கள்

இனிதான் பிளேடு. உறுப்பினர்கள் ஆடும் நாட்களில் கிரீன் உயரம் 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போட்டிக்கு வேண்டியது 3, அல்லது அதற்குச் சற்றுக் கீழே. ஜனவரி நடுவிலிருந்து ஐந்து நாளைக்கு ஒரு முறை கால் மில்லிமீட்டர் மட்டும் இறக்குங்கள். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் மேடான பகுதிகளில் மண்டியிட்டுப் பாருங்கள். தண்டின் வெளுத்த அடி தெரிகிறதென்றால் அங்கேயே ஐந்து நாள் கூடுதலாக நில்லுங்கள்.

ஒரே நாளில் ஒரு மில்லிமீட்டர் இறக்கினால் என்ன ஆகும்? இலைப்பரப்பில் பெரும்பகுதி போய்விடும். வேருக்குச் சாப்பாடு போடுவது அந்த இலைதான். கிரீன் இரண்டு நாள் பிரமாதமாக ஓடும், மூன்றாம் நாள் வைக்கோல் நிறத்துக்கு வரும்.

திசையைத் தினமும் மாற்றுங்கள். கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: இன்று 12-லிருந்து 6, நாளை 9-லிருந்து 3, அடுத்த நாள் மூலைவிட்டம். ஒரே திசையில் வெட்டினால் புல் அந்தப் பக்கமே சாயும், பந்தும் சாய்ந்த பக்கம் இழுக்கும். திரும்புவது காலருக்கு, அதாவது விளிம்புப் பட்டைக்கு, வெளியே. உள்ளே திருப்பினால் உருளையின் விளிம்பு புல்லை அரைத்துவிடும்.

கடைசியாக ஓரத்தைச் சுற்றி வெட்டும் வட்டம் ஒன்று உண்டு. தினமும் அதே தடத்தில் போவதால் கிரீனின் முதல் தேய்மானம் அங்கேதான். பயிற்சி வாரம் வரை அதை ஒருநாள்விட்டு ஒருநாள் செய்யுங்கள். போட்டி நாட்களில் மட்டும் தினமும்.

மற்ற பகுதிகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன்: டீ 9 மில்லிமீட்டர், ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவே வெட்டிய பாதை) 12, ரஃப் (அதை ஒட்டி உயரமாக விட்ட புல்) 50 முதல் 60. ரஃப்பின் உயரத்தைப் போட்டி நடுவர்களிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள், அது உங்கள் விருப்பம் அல்ல. ஃபேர்வேயை மாலையில் வெட்டுவது என் வழக்கம். காலையில் பனியில் வெட்டினால் ஈரப் புல் கட்டி கட்டியாக விழுந்து ஆட்டக்காரரின் பந்தோடு ஒட்டும்.

8. வேகத்தை அளங்கள், ஊகிக்காதீர்கள்

ஸ்டிம்ப்மீட்டர் 36 அங்குல நீளமுள்ள அலுமினியச் சட்டம். தரையில் படும் முனையிலிருந்து 30 அங்குலத்தில் ஒரு பள்ளம். பந்தை அதில் வைத்து மெல்லத் தூக்கினால் ஏறக்குறைய 20 பாகைச் சாய்வில் தானே விடுபட்டு உருளும். சமதளத்தில் மூன்று பந்து ஒரு பக்கம், அதே தடத்தில் மூன்று பந்து எதிர்ப்பக்கம். மூன்றும் எட்டு அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். இரண்டு பக்கச் சராசரிகளுக்கும் ஒன்றரை அடிக்கு மேல் வித்தியாசம் வந்தால் இடம் சமதளமில்லை, வேறிடம் தேடுங்கள். இரு பக்கமும் பந்து உருண்ட தூரத்தின் சராசரியே அந்தக் கிரீனின் வேகம், அடிக் கணக்கில்.

எவ்வளவு வேகம்? உங்கள் திடலின் மிகச் சரிவான கிரீனைக் கேளுங்கள். 12 அடி வேகத்தில் சரிவுகளில் பந்து நிற்காமல் திரும்பி வந்தால் ஆட்டம் கேலிக்கூத்தாகிவிடும். எங்கள் ஊர்க் காற்றையும் சரிவையும் வைத்து நான் பத்தரை அடியை இலக்காக வைப்பேன். அதைவிட முக்கியமானது, 18 கிரீன்களும் அரை அடிக்குள் ஒன்றுபோல் இருப்பது. பதினேழு கிரீன் பத்தரையும் ஒன்று பன்னிரண்டுமாக இருந்தால், திட்டு விழுவது அந்த ஒன்றுக்குத்தான்.

பயிற்சிக் கிரீனையும் அளங்கள். புதியவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் அதை மறந்துவிடுகிறார்கள். ஆட்டக்காரர் கையைப் பழக்கிக்கொண்டு போவது அங்கேதான். அது மந்தமாக இருந்தால் முதல் மூன்று குழியில் பந்தைக் குழிதாண்டி அடித்துவிட்டு உங்களைத் திட்டுவார்.

வேகம் போதவில்லையென்றால் முதலில் ரோலர், பிறகு இரட்டை வெட்டு, கடைசியாகத்தான் உயரம். ரோலர் ஒரு சுற்றே அரை அடியிலிருந்து ஒரு அடி வரை கூட்டும், புல்லின் இலையை வெட்டாது. ஈரமான கிரீனில் மட்டும் ஓட்டாதீர்கள். மண் இறுகி வேர் மூச்சுவிட முடியாமல் போகும்.

9. தண்ணீரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

மூன்று வாரம் இருக்கும்போது ஒரு முறை கிரீன்களை நன்றாக நனைத்து உப்பைக் கீழே இறக்குங்கள். சுத்திகரித்த கழிவுநீரோ உப்புக் கலந்த கிணற்று நீரோ பாய்ச்சும் திடல்களுக்கு இது கட்டாயம். வறட்சியாக வைக்கத் தொடங்கிய பிறகு உப்பு அடர்ந்து, தண்ணீர் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாமல் போகும்.

அதன்பின் ஸ்பிரிங்க்ளரைக் கிரீன்களுக்கு மறந்துவிடுங்கள். அது மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே அளவு ஊற்றும். மேடு காயும், பள்ளம் ஊறும். ஈரமானியைக் குத்தி ஒவ்வொரு கிரீனிலும் பத்துப் பதினைந்து இடம் பாருங்கள். காய்ந்த இடத்தில் சிறு கொடி நடுங்கள். ஹோஸ் பிடிப்பவர் கொடி உள்ள இடத்துக்கு மட்டும் தண்ணீர் விடட்டும். எந்த எண்ணில் உங்கள் புல் வாடத் தொடங்குகிறது என்பதை ஜனவரியிலேயே நாற்றங்காலைக் காயவிட்டுக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

கருவி இல்லாதபோது கால்தான் கருவி. மிதித்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். கால்தடம் உடனே எழுந்துவிட்டால் நலம். எழாமல் நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில் கிடந்தால் இன்னும் ஒரு மணி நேரத்தில் புல் வாடும்.

இந்த நாட்களில் பெரிய ஆபத்து இரக்கம். கிரீன் வெளிறிவிட்டதே என்று இரவுக் காவலில் இருந்த பையன் ஒருவன் மூன்று கிரீன்களுக்கு ஸ்பிரிங்க்ளரைத் திறந்துவிட்டிருக்கிறான். நல்ல மனசு. காலையில் அந்த மூன்றும் ஒன்றேகால் அடி மந்தம். அதன்பின் வால்வு அறையின் சாவி என் இடுப்பில்தான்.

10. கோடுகளும் கழிகளும்

நடுவர்கள் வந்து முடிவுசெய்வது இது. உங்கள் வேலை, அவர்கள் சொன்னபடி நிறுத்துவது. எல்லைக்கு வெள்ளைக் கழி. நீர்நிலை போன்ற தண்டனைப் பகுதிகளுக்குச் சிவப்பும் மஞ்சளும். பழுதுபார்ப்பில் உள்ள இடத்துக்கு வெள்ளைக் கோடு. கோடு போடுவதற்கு முன்பு அந்த இடத்தை வெட்டிவிடுங்கள். போட்ட பிறகு வெட்டினால் கோடு மறுநாளே பாதி காணாமல் போகும்.

11. போட்டி நாள் காலை

முதல் குழு 6.40-க்கு, முதல் டீயிலிருந்தும் பத்தாவது டீயிலிருந்தும் ஒரே நேரத்தில் புறப்படுகிறது என்று வையுங்கள். அப்படியானால் 1-லிருந்து 9 வரை ஒரு படை, 10-லிருந்து 18 வரை இன்னொரு படை. 4.45-க்குக் கொட்டகையில் தேநீர், 5 மணிக்கு வெளியே.

முதலில் ஊதுகருவியால் இலை, குச்சி, வேப்பங்கொட்டை எல்லாவற்றையும் விரட்டுங்கள். ஒரு கொட்டை ரீலில் சிக்கினால் கத்தியில் பல் விழும், அன்று முழுதும் கிரீனில் அந்தப் பல்லின் கோடு ஓடும். அடுத்து, கிரீனை ஒட்டிய பங்கர்களைச் சமன்செய்யுங்கள். வாரும்போது தெறிக்கும் மணலைத் துடைத்துவிட்டுத்தான் இயந்திரம் ஏற வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிச் செய்தால் வெட்டிய கிரீனில் மணல் கிடக்கும்.

கிரீனில் பனியை முன்கூட்டித் தட்டிவிடாதீர்கள். இருட்டில் வெட்டுகிறவருக்குப் பனிதான் கோடு. விளக்கொளியில் வெட்டிய பட்டை கறுப்பாகவும் வெட்டாத பட்டை வெள்ளியாகவும் தெரியும், அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டே நேராகப் போகலாம். இரண்டாம் வெட்டுக்கு வருகிறவருக்கு அந்த உதவி கிடைக்காது. ஆகவே அனுபவமுள்ளவரை இரண்டாவதாக அனுப்புங்கள். புதியவரை அனுப்பிக் கோணலாக வந்த கிரீன்களை நான் பார்த்திருக்கிறேன்.

டீக்களிலும் ஃபேர்வேயிலும் பனியை அகற்றுங்கள். இரண்டு பேர் ஒரு நீளக் கயிற்றை இருபுறமும் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தால் போதும். சிறிய டீக்களுக்கு மூங்கில் கழியால் புல்மேல் வீசினாலே உதிர்ந்துவிடும்.

வெட்டுக்குப் பின் ரோலர், ரோலருக்குப் பின் குழி. இந்த வரிசையில்தான். குழி வெட்டிய பிறகு ரோலர் போனால் குழியின் விளிம்பு உள்நோக்கி மடங்கும்.

12. குழி வெட்டுதல்

இடத்தை நடுவர் முந்தைய மாலையே சிறு வண்ணப்புள்ளியால் குறித்திருப்பார். கிரீன் விளிம்பிலிருந்து குறைந்தது நான்கு தப்படி உள்ளே, சுற்றிலும் மூன்றடிக்கு ஏறக்குறைய ஒரே தளம் என்பது பொதுவான கணக்கு. நீங்கள் எடுத்துச்செல்ல வேண்டியவை: குழிவெட்டி, கிண்ணம் இழுக்கும் கொக்கி, கிண்ணத்தை அமுக்கும் கட்டை, ஒரு பலகை, கத்தி, வளைந்த கத்தரிக்கோல், வாளியில் ஈர மணல், தண்ணீர்க் குடுவை, கடற்பஞ்சு.

குழிவெட்டியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். தரைக்கல்ல, வானத்துக்கு. சரிவில் வெட்டும்போது கை தானாகவே தரைக்கு நேராகச் சாய்க்கும். பிறகு கொடிக்கம்பு குடிகாரர்போல் சாய்ந்து நின்று காட்டிக்கொடுக்கும். ஒரே மூச்சில் அமுக்காமல் இரண்டு தவணையாக எடுங்கள். முதல் துண்டு புல்லோடு இரண்டு அங்குலம். அதைப் பத்திரமாக வையுங்கள். பிறகு ஆழம். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். ஆழம் குறைந்தது 101.6. கிண்ணத்தின் மேல்விளிம்பு தரைக்கு ஓர் அங்குலம் கீழே இருக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த அமுக்குக் கட்டை. மேலே இருந்தால் உள்ளே விழுந்த பந்து விளிம்பில் பட்டுத் துள்ளி வெளியே வரும்.

இனிப் பழைய குழி. பலர் அவசரப்படுவது இங்கேதான். ஆழத் துண்டுகளை முதலில் இறக்கி, வெற்றிடத்தில் ஈர மணலைக் குத்தி நிரப்பி, புல்துண்டைக் கடைசியாக வையுங்கள். பலகையைக் குறுக்கே போட்டு மிதியுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் விளிம்பைச் சுற்றித் தடவுங்கள். கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவது விரலுக்கு மேடாகத் தெரியும். மேடாக இருந்தால் எடுத்து அடியில் மண்ணைச் சீவுங்கள், மிதித்து அமுக்கப் பார்க்காதீர்கள். மறுநாள் எழுந்து ரீல் அதை மொட்டையடிக்கும். பள்ளமாக இருந்தால் ஒரு சிட்டிகை மணல். கடைசியாகத் துண்டின்மேல் தண்ணீர். வேர் அறுபட்ட துண்டு பத்து மணி வெயிலுக்கே வாடிவிடும்.

விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் இலைகளை வளைந்த கத்தரிக்கோலால் நறுக்குங்கள். ஈரப் பஞ்சால் குழியைச் சுற்றிய மண்ணை ஒற்றி எடுத்துவிட்டு, வந்த தடத்திலேயே திரும்பி நடங்கள்.

13. மழை, இடி, மாலை

மழை வந்தால் ரப்பர்த் தள்ளிகளோடு ஆட்களைக் கிரீன் ஓரங்களில் நிறுத்துங்கள். நீரைச் சரிவின் பக்கமே தள்ள வேண்டும், எதிரே தள்ளினால் திரும்பி வரும். நவம்பரில் எடுத்த படங்களைப் பார்த்து எந்தெந்த பங்கருக்குப் பம்ப் என்று முன்பே எழுதிவைத்திருங்கள். நீண்ட ஒரே ஒலியில் சங்கு ஊதினால் மின்னல் போன்ற ஆபத்து, உங்கள் ஆட்களும் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கொட்டகைக்கு வர வேண்டும். மூன்று ஒலி வழக்கமான நிறுத்தம், இரண்டு குறுகிய ஒலி மறுதொடக்கம். போட்டிக்கு முந்தைய நாள் இதை எல்லோருக்கும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு மரத்தடியில் ஒதுங்கியவர்களை நான் கையைப் பிடித்து இழுத்துவந்திருக்கிறேன்.

கடைசிக் குழு போன பிறகு ஒவ்வொரு கிரீனுக்கும் இரண்டு பேர் பந்துத் தடங்களைச் சரிசெய்யட்டும். முள்கரண்டி போன்ற சிறு கருவியைத் தடத்தின் ஓரத்தில் குத்தி நடுவை நோக்கித் தள்ள வேண்டும். நெம்பித் தூக்கினால் வேர் அறுந்து மறுநாள் பழுப்புப் புள்ளி. ஃபேர்வேயில் பெயர்ந்த இடங்களுக்கு மணல், தரைமட்டம் வரை மட்டும். ரீல்களைக் கழுவி, மறுபடி காகிதச் சோதனை.

நான்காம் நாள் பரிசளிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே மறுநாள் வேலைப் பட்டியலை எழுதுங்கள். திங்கட்கிழமை காலை உயரத்தை அரை மில்லிமீட்டர் ஏற்றுங்கள், ரோலரைக் கொட்டகையில் வையுங்கள், கிரீன்களை ஆழமாக நனையுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் மெல்லிய உரம். அன்றே உறுப்பினர்கள் வருவார்கள், போட்டி வேகத்தில் ஆட வேண்டும் என்று கேட்பார்கள். சாவி இடுப்பிலேயே இருக்கட்டும்.